டகோமாவுக்குக் காயில்ஓவர்: 5100, 6112, ஃபாக்ஸ் 2.5, ஓல்டு மேன் எமு – எது யாருக்கு?

அமெரிக்காவில் விற்கும் டொயோட்டா டகோமா பிக்கப்பின் முன்பக்கத்தை உயர்த்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை இஞ்ச்?" அடுத்தது "எந்த பிராண்டு?" இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, முன்பக்கம் எவ்வளவு எடை ஏறியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கம்பெனி பம்பரோடு நிற்கிற வண்டிக்கும், இரும்பு பம்பர், வின்ச், அடித்தகடு என்று 80, 100 கிலோ கூடிய வண்டிக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தாது. ஷாக் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங்தான்.

இங்கே சொல்வது 2005–2015, 2016–2023 ஆகிய இரண்டு தலைமுறை நாலு சக்கர டிரைவ் டகோமாவுக்கு. இரண்டிலும் முன்னால் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு ஆர்ம்), அதில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூண்; இந்தத் தூணைத்தான் காயில்ஓவர் என்கிறோம். பின்னால் கமான் பட்டை. தூணின் அடிப்பக்கம் கீழ் கண்ட்ரோல் ஆர்மில் சக்கரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி உட்காருகிறது. அதனால் தூணில் கால் இஞ்ச் ஏற்றினால் சக்கரத்தில் அரை இஞ்ச் உயரும். இந்த ஒரு கணக்கு மனதில் நின்றால் பாதிக் குழப்பம் தீரும்.

பில்ஸ்டீன் 5100 இருப்பதிலேயே மலிவு. 46 மிமீ பிஸ்டன், மோனோடியூப் (ஒற்றைக் குழாய்). ஷாக்கின் உடலில் வரிசையாகக் காடிகள் வெட்டியிருக்கும். சர்க்ளிப் என்ற வளையத்தை எந்தக் காடியில் மாட்டுகிறோமோ அங்கே ஸ்பிரிங் தட்டு உட்காரும். வண்டியில் இருக்கிற கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போடலாம். கீழ்க் காடிகளில், அதாவது ஒன்றரை இஞ்ச் உயரத்துக்குள், காசுக்கு மேலேயே உழைக்கும். மேல் காடிக்குப் போய் இரண்டரை இஞ்ச் தூக்கினால் கதை மாறும். அதற்குக் கம்பெனி ஸ்பிரிங்கை ஒன்றேகால் இஞ்ச் கூடுதலாக அமுக்க வேண்டும். ஸ்பிரிங் கடினமாகிவிடாது, அதன் பலம் அதேதான். ஆனால் ஷாக் ஏற்கெனவே நீண்ட நிலையிலேயே நிற்கும், சக்கரம் கீழே இறங்க இடம் மிச்சமிருக்காது. டிஆர்டி ஆஃப்ரோடு மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வண்டியில் கம்பெனியே 46 மிமீ பில்ஸ்டீன் மோனோடியூப்தான் போட்டுத் தருகிறது. 5100-க்கு மாறினால் உயரம் கிடைக்கும். ஓட்டத்தில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அதே பில்ஸ்டீனின் 6112-இல் பிஸ்டன் 60 மிமீ. விட்டத்தில் 14 மிமீதான் கூடுதல் என்றாலும் பரப்பளவில் அது 70 சதவீதம். அதே வேலையைக் குறைந்த அழுத்தத்தில் செய்கிறது, எண்ணெயும் அதிகம், அலையலையான மண்ரோட்டில் அரை மணி நேரம் ஓடினாலும் சூடேறித் தளர்வது குறைவு. முக்கியமாக, உயர்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங் கூட வருகிறது. இதுவும் சர்க்ளிப் காடிதான், மரை கிடையாது; மாட்டிய பின் உயரத்தை மாற்ற வேண்டுமானால் தூணை மறுபடி கழற்ற வேண்டும். பில்ஸ்டீனின் வால்வு அமைப்பு மெதுவான அசைவுக்குக் கெட்டியாகவும் வேகமான அடிக்கு இளகியும் வேலை செய்கிற ரகம். பிரேக் போட்டால் மூக்கு குத்தாது, வளைவில் சாயாது. பதிலுக்கு, நகரத்தில் மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன ஒட்டுகள் கைக்குத் தெரியும். "6112 கடினமாக இருக்கிறது" என்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அது பழுதில்லை, அதன் குணம்.

ஃபாக்ஸ் 2.5 வெளி ரிசர்வாயருடன் (எண்ணெய்க்கான தனிக் குப்பி) வருகிறது, உயரத்தை மரை வளையத்தால் மாற்றலாம், விலையுயர்ந்த வகைகளில் டேம்பிங்கை, அதாவது ஷாக் அசைவைத் தடுக்கும் அளவை, குமிழ் திருகி மாற்றலாம், சீல் போனால் பிரித்துச் சரிசெய்யலாம். 2017 முதல் டகோமா டிஆர்டி புரோவில் டொயோட்டாவே ஃபாக்ஸ் 2.5 ஷாக் போட்டது. பாலைவன மண்ணில் வேகமாகப் போகிறவர்களுக்கு இது சரியான பொருள். தினமும் ஆபீஸ் போய்வந்து, மாதத்தில் ஒருநாள் காட்டுப்பாதை போகிறவர்களுக்கு இது வீண்செலவு என்பது எங்கள் கணிப்பு. காரணம் விலை மட்டுமில்லை. பில்ஸ்டீனில் உடல் கீழே, தண்டு மேலே, ஸ்பிரிங்குக்குள் மறைவாக இருக்கிறது. ஃபாக்ஸில் உடல் மேலே, தண்டு கீழே. சேறும் கல்லும் நேராக அதில்தான் அடிக்கும். தண்டில் நகம் மாட்டுகிற அளவு ஒரு கீறல் விழுந்தால் போதும், சீல் கிழியத் தொடங்கும். முனைகளில் ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் உலோகக் கோள பேரிங். பனிக்கு உப்புத் தூவுகிற மாநிலங்களில் அது சீக்கிரம் ஆடத் தொடங்கும்.

ஓல்டு மேன் எமு ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி தயாரிப்பு. அவர்களின் நைட்ரோசார்ஜர் ஷாக் டுவின்டியூப் (இரட்டைக் குழாய்) வகை. பளபளப்பு கிடையாது, ஆனால் எடைக்கு எடை தனித்தனி ஸ்பிரிங் நம்பர் வைத்து விற்பது அவர்களின் பெரிய பலம். பம்பர், வின்ச், பின்னால் கூண்டு, கூடாரம் என்று நிரந்தரச் சுமை ஏற்றியவர்கள் இதை முதலில் பார்க்கலாம்.

ஸ்பிரிங் எண்ணைப் பற்றி: வெறும் வண்டிக்கு ஒரு இஞ்ச்சுக்கு 600 பவுண்டு ஒட்டிய ஸ்பிரிங், இரும்பு பம்பரும் வின்ச்சும் இருந்தால் 650 முதல் 700. "வின்ச் அடுத்த வருஷம் போடப்போகிறேன்" என்று இப்போதே 700 வாங்குபவர்கள் உண்டு. அந்த ஒரு வருஷமும் கட்டை வண்டியில்தான் போக வேண்டியிருக்கும்.

மாட்டும் வேலை. இரண்டு பக்கமும் சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு வைத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்வே பாரின் லிங்க்கை இரண்டு பக்கமும் கழற்ற வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் பார் இழுத்துக்கொண்டு ஆர்ம் கீழே இறங்காது. மேலே மூன்று நட்டு, கீழே ஒரு குறுக்கு போல்ட்டு. பால் ஜாயிண்ட்டைப் பிரித்தால் நக்கிளை (சக்கரம் மாட்டியிருக்கும் பாகம்) வெளிப்பக்கம் சாய விடாதீர்கள். சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் உள் சிவி ஜாயிண்ட் கழன்று வந்துவிடும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் விறைக்கக் கூடாது. தூணின் உச்சியில் நடுவே இருக்கிற நட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸரில் கட்டாமல் தொடவே கூடாது. அதன் பின்னால் சில நூறு கிலோ விசை அடைபட்டிருக்கிறது, உயிரைக் குடித்துவிடும். 5100, 6112 வாங்குபவர்கள் ஸ்பிரிங் மாற்றும் வேலையைச் சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள பட்டறையில் கொடுப்பது நல்லது. கம்ப்ரஸரைத் தளர்த்துவதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள்: சர்க்ளிப் சுற்றிலும் காடிக்குள் முழுதாக இறங்கியிருக்கிறதா, மேல் தட்டின் மூன்று ஸ்டட்டுகளும் கீழ்க் கண்ணும் பழைய தூணில் இருந்த அதே கோணத்தில் இருக்கின்றனவா. கோணம் தவறினால் மேல் ஸ்டட்டு நுழைந்தாலும் கீழ் போல்ட்டு நுழையாது.

மேல் நட்டுகளுக்கு 64 நியூட்டன் மீட்டர், கீழ் போல்ட்டுக்கு 83, சக்கர நட்டுக்கு 113. ரப்பர் புஷ் உள்ள கீழ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையில் பிடித்துக்கொள்ளும். சில மாதங்களில் கிழியும். வண்டி தன் எடையில் நின்ற பிறகே கடைசி இறுக்கம்.

இனி கோளாறுகள். அதிகம் வருகிற புகார் சத்தம். அது எப்போது கேட்கிறது என்று கவனியுங்கள். வேகத்தடையில் ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும் கணத்தில் மட்டும் "டக்" என்றால் ஷாக் முழு நீளத்தையும் எட்டி முட்டுகிறது. உறுதிசெய்யச் சமதரையில் ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்துகொண்டு, சட்டத்தில் ஜாக்கி கொடுத்துச் சக்கரம் தொங்கும்போது மறுபடி அளங்கள். வித்தியாசம் 2 இஞ்ச்சுக்கும் கீழே என்றால் உயரத்தைக் குறைப்பதுதான் மருந்து. புது ஷாக் வாங்கினாலும் அதே சத்தம்தான் வரும். மாறாக, மெதுவாகப் போகும்போது சின்னக் குழிகளில் கடகடவென்றால் ஸ்வே பார் லிங்க், மேல் நட்டு, கோள பேரிங் என்ற வரிசையில் பாருங்கள். கீழ்க் கண்ணுக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் பேரிங்கின் ஆட்டம் கையிலேயே தெரியும்.

இடப்பக்கச் சாய்வு டகோமாவின் பிறவிக்குணம். அமெரிக்க வண்டி என்பதால் ஓட்டுநர் இடப்பக்கம், பெட்ரோல் டேங்கும் அந்தப் பக்கமே. அந்தப் பக்கம் மட்டும் கால் இஞ்ச் ஸ்பேசர் வைத்தால் அரை இஞ்ச் சாய்வு நேராகும். அளக்கும்போது தரையிலிருந்து அளக்காதீர்கள்; டயர் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். ஏற்கெனவே இரண்டரை இஞ்ச் தூக்கிய தூணுக்கு மேலே இன்னொரு அரை இஞ்ச் தகடு வைத்து மூன்றரைக்குப் போவது மட்டும் வேண்டாம். சிவி ஜாயிண்ட்டை மூடும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி, உள்பூட்டிலிருந்து கிரீஸ் தெறிக்கும். டிஃப் டிராப் கிட் அதைத் தீர்க்கும் என்று விற்கிறார்கள். அது டிஃபரென்ஷியலின் முன்பக்கத்தை மட்டும் சற்று இறக்குகிறது, கோணத்தில் மாறுவது சொற்பம்.

உயர்த்தியதும் கேஸ்டர், அதாவது ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், குறையும். ஸ்டியரிங் லேசாகி, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். அலைன்மெண்ட் கடையில் "திரையில் எண்கள் பச்சைக்குள் வந்தால் போதும்" என்று விட்டுவிடாமல், முதலில் இரண்டு பக்கமும் கேஸ்டரை முடிந்த அளவு கூட்டி, பிறகு கேம்பரை (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) பூஜ்யத்துக்கு அருகே கொண்டுவந்து, கடைசியில் டோ (சக்கரங்களின் முன்முனை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) வைக்கச் சொல்லுங்கள். 2 இஞ்ச் வரை கம்பெனி மேல் ஆர்மே போதும். அதற்கு மேல் மூன்று டிகிரி கேஸ்டர் வர மாற்று ஆர்ம் தேவைப்படும். தடித்த 2.5 இஞ்ச் காயில்ஓவரில் இன்னொரு காரணமும் உண்டு: சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கம்பெனி ஆர்மில் உரசும். ஸ்பிரிங்கின் பெயிண்ட் ஒரே இடத்தில் தேய்ந்திருந்தால் அதுதான். உப்பு மாநிலங்களில் கீழ் ஆர்மின் கேம் போல்ட்டு புஷ்ஷோடு துருப்பிடித்து இறுகியிருக்கும். வேலைக்குக் கொடுக்கும் முன்பே ஓரிரு நாள் துரு எண்ணெய் விட்டு வையுங்கள். அசையாவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், புது போல்ட்டு, புஷ், ஆர்ம் என்று செலவு ஏறும்.

285/70ஆர்17 டயருக்காக உயர்த்துபவர்கள் கவனிக்க: அந்த டயர் உரசுவது சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற பாடி மவுண்ட்டில் (கேபினைச் சட்டத்தோடு பிணைக்கும் இடம்). உயர்த்துவதால் அது விலகாது. வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும்.

டகோமா இந்தியாவில் விற்பதில்லை. ஆனால் ஹைலக்ஸும் இசுசு வி-கிராஸும் இதே அமைப்புதான், முன்னால் டபுள் விஷ்போன், பின்னால் கமான் பட்டை. பாகங்கள் மாறும், மேலே சொன்ன கணக்குகள் பெரும்பாலும் பொருந்தும். அங்கே வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பின்பக்கத்தையும் கூடவே தூக்கினால், வண்டி கிளம்பும்போது குறைந்த வேகத்தில் வண்டியின் அடித்தளத்திலிருந்து ஒரு நடுக்கம் வரலாம். டயர் பேலன்ஸ் செய்ய ஓடாதீர்கள். இரண்டு துண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங்கில் கோணம் மாறியிருக்கும். அந்த பேரிங்கின் தாங்கிக்கும் சட்டத்துக்கும் நடுவே வாஷர் கொடுத்துச் சிறிது சிறிதாக இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அரை இஞ்ச்சிலிருந்து முக்கால் இஞ்ச்சுக்குள் நடுக்கம் அடங்கிவிடும்.