வெப்ளிக்காகப் பித்தளை கடைந்த நாலு வருஷம்

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "உங்ககிட்ட இருக்கிற அந்தச் சின்ன லேத் (கடைசல் மிஷின்) விலை இறங்கியிருக்கு. நானும் ஒரு வெப்ளி ரிவால்வர் வாங்கிட்டேன், லேத்தை எடுத்துடலாமா?" போனில் சொல்லி முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 1915-ல் படைக்கு வந்த வெப்ளி மார்க் 6 ரகம். இங்கே அமெரிக்காவுக்கு வந்தவற்றில் ஏராளமானவற்றின் சிலிண்டரைப் பின்பக்கம் சீவி, .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டா போகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். கடையில் கிடைக்கும் ஏசிபி தோட்டாவின் அழுத்தம் இந்த ரிவால்வருக்குத் தாங்காது. என்னுடையது சீவாதது. அதற்கு அதன் சொந்தத் தோட்டாவான .455 தான் வேண்டும், அது நினைத்தபோது கிடைப்பதில்லை. ஆகவே .45 கோல்ட் என்ற வேறொரு ரிவால்வர் தோட்டாவின் கேஸிலிருந்து, அதாவது மருந்தடைக்கும் பித்தளைக் கூட்டிலிருந்து, நானே செய்துகொள்கிறேன்.

32.6 மி.மீ. கேஸை 19.5-க்கு வெட்டுவது சுலபம். அடிவிட்டமும் பொருந்திவிடும். உயிரை எடுப்பது ரிம், அதாவது கேஸின் அடியில் துருத்தி நிற்கும் விளிம்பு. கோல்ட் ரிம் கனம் 1.5 மி.மீ., வெப்ளிக்கு 1 தான். அந்த அரை மி.மீ.யை முன்பக்கம், கேஸின் உடல் இருக்கும் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். பின்பக்கம் எடுத்தால், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமர் உட்காரும் குழியின் ஆழம் குறையும், பிரைமர் துருத்தி நிற்கும். ரிவால்வரை மூடும்போதே வெடிக்கலாம். இதில் "பரவாயில்லை" என்ற பேச்சே கிடையாது.

இந்த இடத்தில்தான் லேத் என்னைப் படுத்துகிறது. உளியை நகர்த்தும் ஸ்லைடு திருகில் அவ்வளவு ஆட்டம்! கைப்பிடியைக் கொஞ்ச தூரம் திருப்பினாலும் எதுவும் அசையாது, பிறகு திடுக்கென்று உளி ரிம்மைக் கடித்துவிடும். நாலு வருஷமாகத் திருகை இறுக்குகிறேன், ஒரு மாதத்தில் பழையபடி. விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். இந்த விலைக்கு இப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது.

நியாயமாகச் சொன்னால், கேஸைத் தாடைகளால் பிடிக்கும் ‘சக்’ என்ற பிடியைக் கழற்றிவிட்டு, ‘காலட்’ என்ற வளையப் பிடியை மாட்டிய நாளை மறக்க முடியாது. தாடை பிடித்தால் மெல்லிய பித்தளை நசுங்கும், காலட் சுற்றிலும் ஒரே சீராக அணைத்துப் பிடிக்கிறது. ரிம் கண்ணாடி மாதிரி வந்தது. இதுவரை இருநூறு கேஸுக்கு மேல் செய்தாயிற்று, ஒன்றுகூட விரிசல் விடவில்லை. அமோனியா கலந்த பாலிஷை மட்டும் தொடுவதில்லை. பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தானாக வெடிப்பு விட்டதற்குக் காரணம், குதிரை லாயத்துச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அமோனியா. சூடாக்காமல் அழுத்தி இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும், அதைத்தான் அமோனியா பிளக்கிறது. 1921-லேயே இதை விளக்கிவிட்டார்கள்.

ஆனால் போன சனிக்கிழமை ஒரே உட்காரலில் பதினோரு கேஸ் போயிற்று, எல்லாம் அந்த ஆட்டத்தால். நண்பரே, அந்த லேத்தை வாங்காதீர்கள். ரெடிமேட் .455 கேஸ் கண்ணில் பட்ட அன்றே, என்ன விலையானாலும் எடுத்து வையுங்கள். காலட் வேண்டுமானால் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, தருகிறேன்.