பழைய கல்யாண டிவிடிய காப்பாத்திக் குடுத்த டிடிரெஸ்க்யூ – என் அனுபவம்

அக்கா கல்யாணம் 2008ல. ஸ்டுடியோக்காரங்க ரெண்டு டிவிடில போட்டுக் குடுத்தாங்க, இத்தனை வருஷமா பீரோல புடவைங்களுக்கு நடுவுலதான் இருந்துச்சு. போன வருஷம் ஒரு கடைல குடுத்து பென்டிரைவ்ல மாத்தி வாங்குனோம். டிவில போட்டா முகூர்த்தம் ஆரம்பிக்கிற வரைக்கும் சுத்தமா ஓடுது, அப்புறம் ஒரு இடத்துல படம் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னு மறுபடி ஓட ஆரம்பிச்சதுல இருந்து சத்தம் ஒரு பக்கம் படம் ஒரு பக்கம். கெட்டிமேளம் கொட்ட ஆரம்பிச்சு ரெண்டு செகண்டு கழிச்சுதான் மாமா தாலிக்கே கைய நீட்டுறாரு. அம்மா ஒண்ணும் சொல்லல, ரிமோட்ட எடுத்து ஆஃப் பண்ணிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அப்போ முடிவு பண்ணேன் இத நானே சரி பண்றதுன்னு.

முதல்ல பாக்க வேண்டியது, கோளாறு டிஸ்க்லயா காப்பிலயான்னு. ஒரிஜினல் டிஸ்க்க கம்ப்யூட்டர்ல விஎல்சிங்கிற வீடியோ பிளேயர்ல போட்டு அதே நிமிஷத்துக்குப் போங்க. அங்கயும் திக்குச்சுன்னா டிஸ்க்ல அடி, அங்க நல்லா ஓடுச்சுன்னா மாத்துன விதத்துல தப்பு. சத்தம் எப்படி விலகுதுன்னும் கவனிங்க. ஆரம்பத்துல சரியா இருந்து போகப் போக கொஞ்சம் கொஞ்சமா விலகுனா ஃப்ரேம் ரேட்ட, அதாவது செகண்டுக்கு எத்தனை படம் ஓடுதுங்கிறத, சந்தேகப்படலாம், நம்ம ஊர் டிவிடி பெரும்பாலும் பால் (PAL) முறை, செகண்டுக்கு 25 ஃப்ரேம். எங்களுது மாதிரி ஒரே இடத்துல சடார்னு தாண்டுச்சுன்னா அங்க டேட்டா காணோம்னு அர்த்தம். படிக்க முடியாத இடத்த சாஃப்ட்வேர் விட்டுட்டுத் தாண்டும்போது படமும் சத்தமும் சரிசமமா போகாது, அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அந்த விலகல் அப்படியே நிக்கும். விஎல்சில கீபோர்டுல கே அமுக்குனா ஒவ்வொரு தடவையும் சத்தம் 50 மில்லிசெகண்டு பின்னாடி போகும், ஜே அமுக்குனா முன்னாடி வரும். எனக்கு நாப்பது தடவ அமுக்க வேண்டி வந்துச்சு. அது அப்போதைக்குப் பாக்கத்தான், ஃபைல் மாறாது.

இப்போ டிடிரெஸ்க்யூ. அடிபட்ட டிஸ்க்ல இருந்து டேட்டாவ மீட்டு எடுக்குற சாஃப்ட்வேர், காசு கிடையாது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதோட பொறுமை. சாதாரணமா காப்பி பண்ணா கெட்ட இடம் வந்ததும் டிரைவ் கர் கர்னு இழுத்துட்டு நின்னுடும், இது அப்படி இல்ல, முதல் சுத்துல நல்லா வர்றதையெல்லாம் வேகமா அள்ளிட்டு கெட்டத ஓரமா குறிச்சு வெச்சுட்டு, அப்புறமா திரும்பி வந்து ஒவ்வொரு செக்டாரா, அதாவது டிஸ்க்க பிரிச்சு வெச்சிருக்குற சின்னத் துண்டா, 2048 பைட்டு 2048 பைட்டா கேட்டுப் பாக்குது. எது வந்துச்சு எது வரலன்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதிக்குது, அதனால கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். இன்னும் பெரிய விஷயம், அதே மேப் ஃபைல வெச்சுட்டு வேற டிரைவ்ல டிஸ்க்கப் போட்டு மிச்சத்த மட்டும் தேடலாம். என் யூஎஸ்பி டிரைவ் படிக்காத நிறைய செக்டார சித்தப்பா வீட்டு பழைய கம்ப்யூட்டர் டிரைவ் படிச்சுக் குடுத்துச்சு.

குறை இருக்கு. ஜன்னல் பட்டன் எதுவும் கிடையாது, எல்லாமே கமாண்ட். நான் விண்டோஸுக்குப் பதிலா ஓட்டுற உபுண்டு லினக்ஸ பென்டிரைவ்ல போட்டு அதுலதான் ஓட்டுனேன். அங்க பேக்கேஜ் பேரு ஜிடிடிரெஸ்க்யூ, முன்னாடி ஒரு ஜி சேக்கணும், கிட்டத்தட்ட அதே பேருல வேற ஒரு புரோகிராமும் இருக்கு, குழம்பிடாதீங்க. எங்க இருந்து படிக்கணும்னு முதல்ல, எங்க எழுதணும்னு ரெண்டாவது, இந்த வரிசைய மூணு தடவ சரி பாத்துட்டு என்டர் அமுக்குங்க.

போடுறதுக்கு முன்னாடி டிஸ்க்க மெத்துன்னு இருக்குற துணியால துடைங்க, நடுவுல இருந்து வெளி விளிம்புக்கு நேரா. வட்டமா தேச்சா விழுற கீறல் டேட்டா ஓடுற தடத்தோடயே போயிடும், அது ரொம்ப மோசம். டிவிடி உள்ள இருந்து வெளிய எழுதுறது, எங்களுதுல தாலி கட்டுற இடம் கிட்டத்தட்ட விளிம்புல இருந்துச்சு, நாம கை வெச்சுப் பிடிக்கிற இடம்.

ராத்திரி முழுக்க ஓடி, மறுநாள் ரெண்டாவது டிரைவும் முடிச்சப்போ மிஞ்சுனது 19 செக்டார். கெடச்ச ஐஎஸ்ஓவ, அதாவது முழு டிஸ்க்கோட நகல் ஃபைல, மேக்எம்கேவிங்கிற சாஃப்ட்வேர்ல குடுத்தேன், படத்த மறுபடி சுருக்காம அப்படியே எம்கேவி வீடியோ ஃபைலா எடுத்துக் குடுக்கும். டிவிடில வீடியோ இருக்குற விஓபி ஃபைல்கள தனித்தனியா இழுத்துப் போட்டு ஒட்டாதீங்க, அது 1 ஜிபி 1 ஜிபியா வெட்டுனது, ஒட்டுற இடத்துல நேரக் கணக்கு குழம்பி சத்தம் விலக வாய்ப்பிருக்கு. புது டிவில கை அசையும்போது சீப்புப் பல்லு மாதிரி கோடு தெரிஞ்சா அது டிஸ்க் கோளாறு இல்ல, இன்டர்லேஸ், அதாவது படத்த ஒத்த வரி ரெட்ட வரின்னு பிரிச்சுப் பதியுற பழைய முறை, வீடியோ மாத்துற ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேர்ல டீஇன்டர்லேஸ் போட்டா போயிடும்.

இப்போ கெட்டிமேளமும் தாலியும் ஒண்ணா வருது. அட்சதை விழும்போது மட்டும் அரை செகண்டு கட்டம் அடிக்குது, அந்த 19 செக்டார்தான். அம்மா முழுசா உக்காந்து பாத்தாங்க, பாத்துட்டு ரெண்டாவது டிஸ்க் எப்போன்னு கேட்டாங்க. அது இப்போ ஓடிட்டிருக்கு.