வன்னிக் கிராமத்துக்குக் குடிதண்ணி: ஆர்.ஓ. இயந்திரமா, மழைநீர்த் தாங்கியா?

ரொறன்ரோவில் இருந்து இந்த வேலைக்கென்றே இரண்டு தடவை வன்னிக்குப் போய் வந்திருக்கிறேன். 2018 இல் எங்கள் சங்கக் காசில் ஒரு ஆர்.ஓ. நிலையம் வைத்துக் கொடுத்தோம். ஆர்.ஓ. (reverse osmosis) என்றால், தண்ணியை அமுக்கி ஒரு மெல்லிய சவ்வுக்குள்ளால் செலுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரம். 2023 இல் வீடு வீடாக மழைநீர்த் தாங்கி கட்டினோம். இரண்டும் ஒரே கிராமம், வவுனியா மாவட்டத்து நெடுங்கேணிக்கும் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கும் இடையில். "எங்கட சங்கமும் ஏதாவது செய்யப் போகுது, எதைச் செய்யலாம்?" என்று ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் யாராவது கேட்கிறார்கள். தாங்கி கட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். முதல் தடவை நானே மற்றதற்குத்தான் கை உயர்த்தினேன். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

முதலில் தண்ணியின் குணம். அங்கே நிலத்துக்குக் கீழே கடும்பாறை. கிணற்றுத் தண்ணி பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் எந்த வீட்டுக் கேத்தலைத் திறந்தாலும் உள்ளே வெள்ளையாகக் கல்லுப் பிடித்திருக்கும். தேத்தண்ணி ஆறினால் மேலே மெல்லிய ஆடை படரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கும்போது முன்பற்களில் பழுப்புக் கோடு தெரியும். அது ஃபுளோரைட் செய்த வேலை. லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது. இலங்கைத் தரம் இன்னும் கண்டிப்பு, 1 மில்லிகிராம்தான். நாங்கள் சோதிக்கக் கொடுத்த கிணறுகளில் பாதிக்கு மேல் அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைட் போகாது. தண்ணி வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். பதவியா, மதவாச்சிப் பக்கம் போல வவுனியாவிலும் சிறுநீரக நோய் குடும்பங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. அதற்குக் கடின நீரும் ஃபுளோரைட்டும் சேர்ந்து காரணமாகலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம், இன்னும் நிரூபணமாகவில்லை. அதனால்தான் கிணறு இறைத்துக் குளோரின் போடுவதை இங்கே ஒரு போட்டித் தெரிவாகவே நான் எடுக்கவில்லை. அது கிருமிக்கு மருந்து, உப்புக்கு அல்ல.

ஆர்.ஓ. வின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஃபுளோரைட், கல்லு, உவர் எல்லாவற்றையும் பிடித்துவிடும். பூட்டிய அன்றே தண்ணி வரும், கோடையிலும் வரும். ஒரு கட்டடம் முழு ஊருக்கும் காணும். திறப்பு விழா அன்று பிள்ளைகள் போத்தலோடு வரிசையில் நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்றைக்கு மாதர் சங்கத்து அம்மா ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, நீங்கள் போனாப் பிறகு இதை ஆர் பாக்கிறது?" ஒரு பொடியனைப் பழக்கியிருக்கிறோம், லீற்றருக்கு இவ்வளவு என்று விற்று வரும் காசில் பராமரிக்கலாம் என்று சொன்னேன். மனதறிந்துதான் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதிலாகவில்லை.

பராமரிப்பு என்றால் என்ன என்று பாருங்கள். முன்வடிகட்டிகளைச் சில மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மெம்பிரேன், அதாவது அந்தச் சவ்வு, நல்ல கவனிப்பில் இரண்டு மூன்று வருசம் தாங்கும். கடின நீருக்கு அதில் கல்லுப் பிடிக்காமல் இருக்க மருந்து விட வேண்டும். இவை ஒன்றும் நெடுங்கேணிக் கடையில் கிடையாது, எல்லாம் இறக்குமதி. உள்ளே போகும் தண்ணியில் ஏறத்தாழப் பாதிதான் குடிக்க வரும், மிச்சம் உப்புக் கூடின கழிவு. எங்கள் நிலையத்தின் கழிவை ஒரு வாய்க்காலில் பின்பக்கம் விட்டிருந்தோம். அங்கே நின்ற வாழைகளின் இலை ஓரம் கருகத் தொடங்கிய பிறகுதான் அதைப் பற்றி யோசித்தோம்.

மூன்று வருசத்துக்கு மேல் ஓடியது. பழக்கிய பொடியன் வேலை தேடிக் கட்டாருக்குப் போனான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நானும் அப்படி ஊரைவிட்டுப் போனவன்தானே. பிறகு 2022, இலங்கையின் பொருளாதார நெருக்கடி. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. டொலர் 200 ரூபாவில் இருந்து 360 க்கு மேல் ஏறியது. தண்ணி விற்றுச் சேர்த்த சேமிப்பு ஒரு மெம்பிரேனுக்கும் காணாது. இயந்திரம் சும்மா நின்றால் மெம்பிரேன் தானாகவே கெடும், உள்ளே பாசி மாதிரிப் படிந்துவிடும். 2023 இல் நான் போய் உறையைத் திறந்தபோது வழுவழுப்பும் வெள்ளைப் பொருக்குமாக இருந்தது, மணம் வேறு. சுவரில் எங்கள் சங்கத்தின் பெயர்ப்பலகை துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஊர்ச் சனம் பழையபடி கிணற்றுக்குப் போய்விட்டது.

இனித் தாங்கிக் கணக்கு. போருக்குப் பிறகு இந்திய உதவியில் கட்டிய வீட்டுத்திட்ட வீடு ஒன்று சுமார் 550 சதுர அடி, அதாவது 51 சதுர மீற்றர். தெறித்தும் வழிந்தும் போவதைக் கழித்தால், ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 40 லீற்றர் கூரைப் பீலியில் வரும். 5,000 லீற்றர் தாங்கி நிறைய 125 மில்லிமீற்றர் மழை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது வந்துவிடும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் எடுத்தால் 200 நாள். மார்கழிக் கடைசியில் நிறைந்த தாங்கி ஆடிவாக்கில் வற்றும். சித்திரை மழை பெய்தால் கொஞ்சம் தள்ளிப் போகும். ஆவணியும் புரட்டாதியும்தான் இடிக்கும். 8,000 லீற்றராகக் கட்டினால் 320 நாள் வரும், காசு இருந்தால் அதையே கட்டுங்கள்.

கட்டுவதற்கு வேண்டியது கோழிக்கூட்டுக் கம்பிவலை, சீமெந்து, மணல், கை பழகிய ஒரு மேசன். எங்கள் மேசன்மார் இருவரும் அந்த ஊர்தான். வெடித்தால் அவர்களே பூசுவார்கள். பீலிக்குக் கீழ் ஒரு துண்டுக் குழாய், அதன் அடியில் திருகு மூடி. முதல் மழையின் தூசியும் குருவி எச்சமும் அதற்குள் தங்கும், மூடியைத் திருகி ஊற்றிவிட்டால் சரி. தாங்கி வாயில் நுளம்பு வலை, அதைச் சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டுவார்கள். வருசத்துக்கு ஒரு தடவை உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவ வேண்டும். பழுதானால் எந்த உதிரிப்பாகத்துக்காகவும் யாரும் கொழும்புக்குப் போன் எடுக்கத் தேவையில்லை. தாங்கி அந்தந்த வீட்டுக்குச் சொந்தம், பார்ப்பதும் அந்த வீடுதான்.

குறையும் உண்டு. ஆரம்பத்தில் சனத்துக்குப் பிடிக்கவில்லை, "சப்பெண்டு இருக்கு" என்றார்கள். கல்லுத் தண்ணி குடித்துப் பழகிய நாக்கு. மாற்றியது தேத்தண்ணி. மழைத்தண்ணியில் ஆடை படராது, நிறமும் எடுப்பாக வரும். ஒரு வீட்டில் ஊற்றினால் மற்ற வீட்டுக்குக் கதை போய்விடும். இந்தத் தண்ணியையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், அதில் இளகக்கூடாது.

என் அனுபவம் கடும்பாறை நிலத்துக்குரியது. பூநகரி, மன்னார்க் கரையோரத்தில் நான் வேலை செய்ததில்லை. அங்கே உவர் பிரச்சினை வேறு விதம், மழையும் மன்னாரில் குறைவு, தாங்கி மட்டும் போதாமல் போகலாம். ஆஸ்பத்திரி, பெரிய பாடசாலை மாதிரி சம்பளத்துக்கு ஆள் இருக்கும் இடத்தில் ஆர்.ஓ. நல்லாகவே ஓடும் என்று நினைக்கிறேன். எங்கள் தாங்கிகளுக்கும் வயது இன்னும் அதிகமில்லை, பத்து வருசம் கழித்து எப்படி நிற்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

வெளிநாட்டில் இருந்து போகிற நாங்கள் அங்கே என்ன செய்வது? 2018 இல் இரண்டு கிழமையில் நாலு நாள் சுவருக்குப் பெயின்ட் அடித்தோம். அந்த நாட்கூலி ஊரில் ஒருவருக்குப் போயிருக்க வேண்டியது. 2023 இல் கிணற்றுத் தண்ணியைச் சோதனைக்குக் கொண்டு திரிந்தோம், கூரை அளந்தோம், கிராம சேவையாளரோடும் மாதர் சங்கத்தோடும் இருந்து எந்த வீட்டுக்கு முதலில் என்று பட்டியல் போட்டோம். பிள்ளைத்தாய்ச்சியும் சிறுநீரக நோயாளியும் உள்ள வீடுகள் முதலில். சீமெந்து வேலையை மேசன்மார் செய்தார்கள்.

போவதென்றால் ஆனி, ஆடியிலேயே போங்கள். பூசிய தாங்கியைச் சாக்குப் போட்டு நனைத்தபடி வைத்திருக்க வேண்டும், முதல் தடவை நிரப்பும் தண்ணியில் சீமெந்து ஊறும், அதை ஊற்றிவிட வேண்டும். இதெல்லாம் ஐப்பசிக்கு முன் முடிய வேண்டும். நாங்கள் ஆவணி பிந்தித்தான் தொடங்கினோம். கடைசி நாலு வீட்டுக்குப் பீலி பூட்டுமுன் மழை பிடித்துவிட்டது. அந்த முதல் மாதத் தண்ணி முழுக்க, தாங்கி பக்கத்தில் வெறுமையாக நிற்க, ஓட்டில் இருந்து முற்றத்தில் விழுந்து ஓடியது.