நோட்டா, கம்ப்யூட்டரா, சந்தா மென்பொருளா? ஒரு பாலக்கோடு கிளினிக்கின் அனுபவம்

என் அக்கா பாலக்கோட்டில் மகப்பேறு மருத்துவர். கிளினிக் நிர்வாகம் என் பொறுப்பு. பதினோரு வருடம் நோட்டு, அப்புறம் மூன்று வருடம் கிளினிக்கிலேயே ஒரு கம்ப்யூட்டர், கடந்த பதினான்கு மாதமாக மாதச் சந்தா கட்டி இணையத்தில் ஓடும் மென்பொருள் என்று மூன்றிலும் நோயாளிகளின் விவரத்தை வைத்துப் பார்த்துவிட்டோம். எது பாதுகாப்பு என்று கேட்டால் மூன்றாவது பக்கம்தான் நிற்பேன்.

வேகம், இட வசதி, கையெழுத்துப் புரிகிறதா என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குள் போகவில்லை.

எங்கள் ஊரில் ஒருவரின் உடம்பு விஷயம் வெளியே போவது பெரும்பாலும் வரவேற்பு மேசை வழியாகத்தான். மாரண்டஅள்ளி, பஞ்சப்பள்ளி, வெள்ளிச்சந்தை என்று சுற்றிலுமிருந்து வருகிறார்கள். அவர்களில் பலர் எங்கள் ஊழியர் யாருக்காவது சொந்தம், இல்லாவிட்டால் சொந்தத்துக்குச் சொந்தம். நோட்டுக் காலத்தில், கல்யாணமாகி நான்கு வருடமான ஒரு பெண் தனியாக வந்து பரிசோதனை செய்துகொண்டு போனார். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்றாம் நாள் மாமியார் வந்து, “எங்க மருமகளுக்கு என்ன குறைன்னு எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார். மேசையில் விரித்துக் கிடந்த நோட்டைப் பார்த்தது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஐந்து ஊழியர்கள், வரிசையில் நிற்பவர்கள், மருந்து கொண்டுவருபவர்கள், யாராகவும் இருக்கலாம். அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்களிடம் வரவே இல்லை. தப்பு முழுக்க எங்களுடையது.

அன்றிலிருந்து ஒரே கேள்வியை வைத்துத்தான் எதையும் எடைபோடுகிறேன்: இந்த விவரத்தை யார் பார்த்தார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியுமா?

நோட்டால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் நோட்டை மட்டமாகவும் பேச மாட்டேன். பூட்டிய பீரோவில் இருக்கும் நோட்டை வெளியூரிலிருந்து யாரும் திருட முடியாது. கருக்கலைப்புப் பதிவேட்டை ரகசிய ஆவணமாக ஐந்து வருடம் பூட்டி வைக்க வேண்டும், மற்ற பதிவுகளில் பெயருக்குப் பதில் வரிசை எண்ணைத்தான் போட வேண்டும் என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அந்தச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரைச் சட்டப்படி உரிமை இல்லாதவருக்குச் சொன்னால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. அந்த ஒரு பதிவேட்டை இன்றும் காகிதத்தில்தான் வைத்திருக்கிறோம். சாவி அக்காவிடம் மட்டும்.

அடுத்து கிளினிக் கம்ப்யூட்டர். விவரம் நம் அறையிலேயே இருக்கிறது என்ற நிம்மதி இதில் உண்டு. அந்த நிம்மதியே எங்களை அசட்டையாக்கியது. ஐந்து பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதையும் ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தோம். காப்பு நகல் ஒரு பென் டிரைவில், குறியாக்கம் (பாஸ்வேர்டு இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) எதுவும் இல்லாமல், என் கைப்பையில் தினமும் பஸ்ஸில் போய் வந்தது. எங்காவது விழுந்திருந்தால் சில ஆயிரம் பெண்களின் விவரம் ரோட்டில் கிடந்திருக்கும். இதையெல்லாம் சரிசெய்ய முடியாதா என்றால், முடியும். ஆளுக்கொரு கணக்கு, வட்டு முழுவதற்கும் குறியாக்கம், நேரத்துக்கு அப்டேட், நகலை மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது என்று ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும். 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அந்தப் பழைய பெட்டியை இன்னும் ஓட்டுகிற கிளினிக்குகள் அதையும் கவனிக்க வேண்டும். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களையே ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) முடக்கி, பல நாட்கள் கையால் எழுத வைத்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி என்றால், வாரம் ஒருநாள் வந்துபோகும் கம்ப்யூட்டர் மெக்கானிக்கை நம்பி நாங்கள் எப்படி இருப்பது?

சந்தா மென்பொருளில் எங்களுக்குப் பிடித்தது மூன்றே விஷயம், மூன்றும் அதே கேள்வியைத்தான் தொடுகின்றன. முதலில், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, போனுக்கு ஓடிபி வந்தால்தான் திறக்கும். இரண்டாவது, யாருக்கு எது தெரிய வேண்டுமோ அது மட்டும் தெரியும். மருந்தகத்தில் இருப்பவருக்கு மருந்துச் சீட்டு, வரவேற்பில் இருப்பவருக்குப் பெயரும் நேரமும், அவ்வளவுதான். மூன்றாவது, யார் எந்த நேரத்தில் எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற தடம். சேர்ந்த நான்காம் மாதத்தில், யாருக்கு எது தெரியலாம் என்று ஒழுங்காகப் பிரிப்பதற்கு முன்பு, ஒரு ஊழியர் தனக்கு வேலையே இல்லாத ஒரு கோப்பை இரவு ஒன்பது மணிக்குத் திறந்தது பதிவாகியிருந்தது. கேட்டோம். தூரத்துச் சொந்தம், என்ன ஆச்சோ என்று பார்த்தேன் என்றார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் பார்த்திருக்கக் கூடாது என்பதை உட்காரவைத்துப் பேசினோம். நோட்டாக இருந்தால் அது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

அப்புறம் இன்னொன்று. எங்களிடம் வேலை கற்றுக்கொள்ளும் நர்ஸ் பிள்ளைகள் ஒன்றிரண்டு வருடத்தில் ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார்கள். பழைய கம்ப்யூட்டரில் ஒருவர் போனால் எல்லோருக்கும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், அதனால் மாற்றவே மாட்டோம். இப்போது போகிறவரின் கடைசி நாள் மாலையே அவர் கணக்கை மூடுகிறேன். ஒரு நிமிட வேலை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் யார் எதைத் திறந்தார் என்ற அந்தத் தடத்தைத்தான் கேட்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகளின்படி அணுகல் பதிவுகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும் என்பதால் பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் ரூ. 250 கோடி வரை போகலாம். மென்பொருள் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டோம் என்று நாம் கைகழுவ முடியாது, பொறுப்பு கிளினிக்கினுடையதுதான்.

எந்த மென்பொருள் வாங்கினாலும் வாட்ஸப் ஒரு ஓட்டை. லேப் அனுப்பும் ரிப்போர்ட் ஊழியரின் போன் கேலரியில் தானாகச் சேமிக்கப்பட்டு, அங்கிருந்து அவர் குடும்பமே பார்க்கும் போட்டோ கணக்குக்கு ஏறிவிடுகிறது. ரிப்போர்ட்டை நேராக மென்பொருளில் ஏற்றச் சொல்லி லேப்காரர்களிடம் மல்லுக்கட்டி, பாதி ஜெயித்திருக்கிறோம்.

இணையம் போகிற நாளில் சந்தா மென்பொருள் கையை விரித்துவிடும். அன்று தனித் தாளில் எழுதி, மாலையில் ஏற்றிவிட்டுத் தாளைக் கிழித்துவிடுகிறோம். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சின்ன கிளினிக்குக்குச் சுமைதான். தினம் பத்துப் பேர் வரும் ஒற்றை டாக்டர், தானே எழுதி, தானே பூட்டுகிறவர் என்றால் நோட்டே போதும் என்பேன்.

என் அனுபவம் பதினான்கு மாதம்தான். அந்த நிறுவனத்தை விட்டு விலகி, விவரத்தை முழுதாக வெளியே எடுத்து, அவர்களிடம் இருப்பதை அழிக்கவைத்துப் பார்த்ததில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தை அடுத்துப் புதுப்பிக்கும்போது அந்த இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.