பீட் சீகரின் 'காட் பிளெஸ் த கிராஸ்' எல்பி: வாங்கலாமா?

சுற்றுச்சூழல் பாட்டு என்றாலே எனக்குக் கொஞ்சம் ஒவ்வாமை. மரம் நடுவோம், மழை பெறுவோம் என்று பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் நிறுத்திப் பாடவைத்ததன் விளைவு. அதனால் இந்த எல்பி இசைத்தட்டைக் கையில் எடுத்தது பாட்டுக்காக இல்லை, அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் வாசிக்கும் பாஞ்சோ என்கிற கம்பி வாத்தியத்துக்காக. 1966ல் கொலம்பியா இசை நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்காவில் பூமி தினம் என்று ஒன்று வருவதற்கே இன்னும் 4 வருஷம் இருந்தது. அப்போதே ஆறு, விரிகுடா, பூங்கா, ஓநாய்க்கு வைக்கும் விஷம் என்று ஒரு முழு எல்பியை நிரப்பியிருக்கிறார் மனிதர்.

நான் வாங்கியது நியூஜெர்சியில், எங்கள் வீட்டுப் பக்கத்துப் பழைய ரெக்கார்டு கடை ஒன்றில், 14 டாலருக்கு. உறையில் 'மிக நல்ல நிலை' என்று ஸ்டிக்கர். வீட்டுக்கு வந்து முள்ளை வைத்தால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். கடைக்காரருக்கு எது 'மிக நல்ல' என்று தெரியவில்லை. கழுவிய பிறகு பாதி அடங்கியது. இந்தத் தட்டில் பெரும்பாலும் ஒரு குரல், ஒரு பாஞ்சோ அல்லது கிட்டார், அவ்வளவுதான். சின்னக் கீறல்கூட காதில் விழும். பழையது வாங்குகிறவர்கள் கடையிலேயே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். சிடியாகவும் வந்திருக்கிறது; கீறல் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு அது போதும்.

சரி, பாட்டுக்கு வருவோம். உறையில் பெரிய எழுத்தில் இருப்பது சீகர் பெயர். ஆனால் என்னைக் கேட்டால் இந்தத் தட்டின் உண்மையான கதாநாயகி மால்வினா ரெனால்ட்ஸ். 1900ல் பிறந்தவர், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், நடுவயதில்தான் பாட்டெழுத வந்தார். இந்தத் தட்டு வரும்போது அறுபதைத் தாண்டியாயிற்று. ஐந்து பாட்டில் அவர் கை இருக்கிறது, அந்த ஐந்தில் மூன்று அபாரம்.

'செவன்டி மைல்ஸ்' சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைப் பற்றியது. அந்த நாற்றமடிக்கிற சாக்கடை என்ன என்று ஒருத்தர் கேட்கிறார், ஐயா அதுதான் நம்ம விரிகுடா என்று பதில் வருகிறது. அப்போது அந்தக் கரையோர ஊர்களெல்லாம் குப்பையையும் மண்ணையும் கொட்டி விரிகுடாவைத் தூர்த்து நிலம் ஆக்கிக்கொண்டிருந்தன. பெர்க்லியில் மூன்று பெண்கள் 1961ல் இதை எதிர்த்து ஆரம்பித்த இயக்கத்தால்தான் 1965ல் மாநில அரசு சட்டம் கொண்டுவந்து தூர்ப்பதற்குக் கடிவாளம் போட்டது. பாட்டில் இந்த வரலாறு எதுவும் இல்லை, கிண்டல் மட்டும்தான். அதுவே போதுமாக இருக்கிறது.

'சிமென்ட் ஆக்டோபஸ்' அதே ஊர்ப் பாட்டு. கோல்டன் கேட் பூங்காவின் ஒரு ஓரத்தை வெட்டிக்கொண்டு நெடுஞ்சாலை போடப் பார்த்தார்கள். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் உட்கார்ந்து பெட்ரோல் வரியைக் குடித்து வளரும் சிமென்ட் ஜந்து என்று நெடுஞ்சாலைத் துறையைப் பாடிவைத்தார் ரெனால்ட்ஸ். 1964ல் அந்தப் பூங்காவில் நடந்த எதிர்ப்புக் கூட்டத்தில் அவரே பாடினார். தட்டு வந்த அதே 1966ல் நகர சபை அந்தச் சாலைத் திட்டத்தை 6க்கு 5 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிராகரித்தது. அந்த ஒரு வாக்கு பாட்டால் விழுந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மரங்கள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 'த ஃபாசெட்ஸ் ஆர் டிரிப்பிங்'. நியூயார்க்கில் தண்ணீர்ப் பஞ்சம், நீர்த்தேக்கம் வறண்டு கிடக்கிறது, ஆனால் வாடகை வீட்டுக் குழாய்கள் எல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கின்றன, வீட்டு உரிமையாளர் சரிசெய்ய மாட்டார். அவ்வளவுதான் விஷயம். பஞ்சத்துக்குக் குடித்தனக்காரரின் சிக்கனத்தைப் பற்றி உபதேசம் பண்ணாமல், ஹவுஸ் ஓனர் சட்டையைப் பிடிக்கிறது பாட்டு. மெட்டும் சொட்டுச் சொட்டாகவே போகிறது. சென்னையில் வாடகை வீட்டில் இருந்த யாரும் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது.

சீகர் தானே எழுதியதில் 'மை டர்ட்டி ஸ்ட்ரீம்' ஒன்றுக்காகவே தட்டை வாங்கலாம். அவர் வாழ்ந்தது நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில், பீக்கன் என்கிற ஊரில். அழுக்கு ஆற்றில் படகு விட்டுக்கொண்டே பாடுகிற பாட்டு. கிளென்ஸ் ஃபால்ஸ் காகித ஆலை தினமும் எத்தனை லட்சம் கேலன் கழிவை விடுகிறது என்று கணக்குச் சொல்கிறார். கீழே வந்தால் ஒவ்வொரு ஊரும் கக்கூஸ் தண்ணீரை ஆற்றில் விட்டுவிட்டு, நானா, சுத்திகரிப்பு நிலையம் என்ன இனாமாகவா வருகிறது என்று கைவிரிக்கிறது. ஆலையில் வேலை பார்க்கிறவர்களை நேர்மையானவர்கள் என்றுதான் சொல்கிறார், அவர்கள் மேல் பழி போடவில்லை. அந்த நிதானம் பெரிய விஷயம்.

அதோடு அவர் விடவில்லை. கச்சேரி வைத்துப் பணம் திரட்டி, 106 அடி நீளத்தில் 'கிளியர்வாட்டர்' என்று ஒரு பாய்மரக் கப்பலையே கட்டி 1969ல் ஹட்சனுக்குக் கொண்டுவந்தார்கள் அவரும் நண்பர்களும். 1972ல் தூய நீர்ச் சட்டம் வந்தது, பாட்டில் வரும் கக்கூஸ் தண்ணீர்ப் பிரச்சினை மெல்லக் குறைந்தது. பாட்டில் வராத ஒன்றுதான் பெரிய வில்லன்: ஜெனரல் எலக்ட்ரிக் ஆலைகள் 1977 வரை ஆற்றில் விட்ட பிசிபி ரசாயனம். 1966ல் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2009லிருந்து 2015 வரை ஆற்றின் அடியைத் தோண்டி எடுத்தார்கள். இன்றைக்கும் ஹட்சனின் சில பகுதிகளில் பிடிக்கிற மீனைக் குழந்தைகள் சாப்பிட வேண்டாம் என்றுதான் நியூயார்க் சுகாதாரத் துறை சொல்கிறது. நான் தினமும் வேலைக்கு அந்த ஆற்றுக்கு அடியில் ரயிலில்தான் போகிறேன்.

நான் கவனித்தது இதுதான்: இந்தத் தட்டில் ஊர்ப்பேர் சொல்கிற பாட்டெல்லாம் இன்றும் உயிரோடு இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் எலிசியன் பூங்காவைக் காப்பாற்றச் சொல்லும் பாட்டும் இந்த ரகம்தான். பூமித்தாயே, நல்ல நாடே என்று பொதுவாகப் போற்றுகிற பாட்டெல்லாம் வெளிறிவிட்டது. முதல் பாட்டு 'த பவர் அண்ட் த குளோரி', கடைசிப் பாட்டு 'மை லேண்ட் இஸ் எ குட் லேண்ட்', இரண்டுமே எனக்குப் பள்ளிக்கூட மைதானத்தைத்தான் நினைவூட்டின. நான் திருவொற்றியூர்க்காரி. 2017ல் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் அனல்மின் நிலையத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' பாடியபோது எங்கள் வீட்டில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்ததற்கும் காரணம் இதுதான். கபேர் வாசுகி எழுதிய அந்தப் பாட்டு இயற்கையைப் பற்றிப் பேசவில்லை, எண்ணூரைப் பற்றிப் பேசியது. இந்த எல்பியிலிருந்து இரண்டு பாட்டை அப்பாவுக்கு அனுப்பினேன். "கருத்து நல்லா இருக்கும்மா, ராகம் எங்கே?" என்று கேட்டார். அதுவும் நியாயமான விமர்சனம்தான்.

குறைகள் இன்னும் உண்டு. 'பார்பரா ஆலன்', 'பிரிட்டி சாரோ' மாதிரி பழைய நாட்டுப்புறக் காதல் பாட்டுகள் இந்தத் தட்டில் எதற்கு என்று தெரியவில்லை. நன்றாகத்தான் பாடியிருக்கிறார், ஆனால் விரிகுடா நாற்றத்தைப் பற்றிக் கேட்ட சூட்டில் இது வந்தால் வேகம் போய்விடுகிறது. தலைப்புப் பாட்டு, சிமென்ட் விரிசலில் முளைக்கும் புல்லைப் பற்றியது, அழகுதான். புகழுக்குத் தகுந்த அளவு இல்லை. பீட்டர் லா ஃபார்ஜ் எழுதிய 'கொயோட்டி' வேறு தரம். விஷம் வைத்துக் கொல்லப்படும் கொயோட்டியை, அதாவது அமெரிக்காவின் சின்ன ரக ஓநாயை, தம்பி என்று கூப்பிடுகிறது. அதில் சீகர் ஊளையிடுகிற இடத்தில் என் வீட்டுக்காரர் டீவியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு 'த பீப்பிள் ஆர் ஸ்கிராட்சிங்' ஒன்று போதும். முயலை ஒழிக்க விஷம் வைக்கப்போய், ஒன்று மாற்றி ஒன்று கெட்டு, கடைசியில் ஊரே தெருவில் நின்று சொறிந்துகொள்கிறது. என் மகள் சொறிந்துகொண்டே ஆடுகிறாள்.

என் மதிப்பெண் 5க்கு மூன்றரை. 15 டாலருக்குள் கீறல் இல்லாமல் கிடைத்தால் யோசிக்க வேண்டாம். பிரிக்காத முதல் பதிப்பு என்று எக்கச்சக்கமாக விலை சொன்னால் சிடியே மேல். வாங்குவதற்கு முன்னால் குழாய்ப் பாட்டையும் ஹட்சன் பாட்டையும் கைப்பேசியில் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டும் பிடிக்கவில்லை என்றால் மீதியும் பிடிக்காது.