நம்பர் பசிலுக்கு எது பெஸ்ட்: கையா, எக்செல்லா, சைபர்செஃப்பா, பைத்தானா?

காட்பாடி சைடுல எந்த காலேஜ் சிம்போசியம் போனாலும் புதுசா வர்ற பசங்களுக்குன்னு ஒரு கிரிப்டோ பசில், அதாவது ரகசிய எழுத்துப் புதிர் வெச்சிருப்பாங்க, பேப்பர் பூரா வெறும் நம்பரா கெடக்கும், கீழ "கண்டுபிடி"ன்னு ஒரு வரி, அவ்ளோதான். முக்காவாசி அது ஆஸ்கியாதான் இருக்கும், அதாவது கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் குடுத்து வெச்சிருக்கற பட்டியல். எதை வெச்சு ஒடைக்கலாம்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிகினு இருக்காங்க, அதனால ஒரே ஒரு சாம்பிள எடுத்து எல்லாத்துலயும் போட்டுப் பாத்துடலாம்.

123 86 101 108 108 111 114 101 95 49 56 48 54 125

மொதல்ல கை. ஆஸ்கி 1963ல வந்த கோடு, 0லேந்து 127 வரைக்கும்தான் நம்பர். அதுல இங்கிலீஷ் பெரிய ஏ 65, சின்ன ஏ 97, நடுவுல 32 வித்தியாசம், இது எல்லா எழுத்துக்கும் அப்படியே பொருந்தும். பூஜ்யம்ங்கற இலக்கத்துக்கு 48, ஒண்ணுக்கு 49. இவ்ளோ மனசுல இருந்தாலே போதும், மேல இருக்கறத பாத்தவொடனே மொத நம்பரும் கடைசி நம்பரும் 123, 125, அதாவது நெளி பிராக்கெட் தொறந்து மூடுதுன்னு தெரிஞ்சிடும். 49 56 48 54ன்னா 1806. வேலூர்ல பசில் போடற ஆளு கோட்டை சிப்பாய் புரட்சி வருஷத்த விட்டுடுவானா இன்னா! மீதி ஊர் பேருதான், நடுவுல 95 அண்டர்ஸ்கோர். பதினாலு நம்பருக்கு கை ஓகே, ஒரு பக்கம் முழுக்க இருந்தா கண்ணு பூத்துடும்.

எக்செல் பத்தி ரெண்டு வரி போதும். ஒரு காலம்ல நம்பர், பக்கத்துல நம்பர எழுத்தா மாத்தற கேர் ஃபங்ஷன், கீழ இழுத்து விட்டா முடிஞ்சது. ஆனா 255க்கு மேல போச்சுன்னா அது வேலைக்கு ஆகாது, யூனிகேர்னு வேற ஃபங்ஷன் போடணும்.

நெஜப் போட்டி சைபர்செஃப்புக்கும் பைத்தானுக்கும்தான். சைபர்செஃப் பிரிட்டன் உளவுத்துறை ஜிசிஹெச்க்யூ 2016ல ஓப்பன் சோர்ஸா வெளிய விட்டது, பிரவுசருக்குள்ளயே ஓடும், டவுன்லோட் பண்ணி வெச்சுகினா நெட் இல்லாமலும் ஓடும். லெஃப்ட்லேந்து "ஃப்ரம் டெசிமல்" இழுத்துப் போட்டா நம்ம சாம்பிள் ஒரு செகண்டுல வந்துடுது. ஆனா பக்கத்துலயே "ஃப்ரம் கேர்கோடு"ன்னு ஒண்ணு இருக்கு, பேர பாத்து பசங்க அதைத்தான் இழுப்பாங்க, அதுல பேஸ் 16ன்னு செட்டாகி இருக்கும், அதாவது பத்து பத்தா இல்லாம பதினாறு பதினாறா எண்ற ஹெக்ஸ் முறை. 86 69 76 76 79 82 69னு பெரிய எழுத்துல வேலூர் குடுத்தாலும் அது ஹெக்ஸா நெனச்சிகினு ஐ, வி, வி, ஒய்னு எதையோ துப்பும். பேஸ 10னு மாத்தினாதான் சரியா வரும். இது தெரியாம பசிலே தப்புன்னு சண்டைக்குப் போறவங்க உண்டு.

பைத்தான்ல இன்னா பண்ணணும்? வரிய ஸ்பேஸ்ல ஸ்ப்ளிட் பண்ணு, ஒவ்வொண்ணையும் இன்ட், அதாவது முழு எண் ஆக்கு, கேரா மாத்து, ஜாயின் பண்ணு. ஒரே வரி. சாம்பிளுக்கு இது சைபர்செஃப்ப விட பெட்டர்னு நான் சொல்ல மாட்டேன், டைப் பண்ற நேரத்துல சைபர்செஃப்காரன் முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

ஆனா செகண்ட் ரவுண்ட்ல ஸ்பேஸ எடுத்துடுவாங்க பாருங்க, அங்கதான் கத மாறுது:

123861011081081111141019549564854125

இதை ஃப்ரம் டெசிமல்ல போட்டா ஒண்ணும் வராது, எங்க வெட்டணும்னு அதுக்குத் தெரியாதே. நமக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியற எழுத்தெல்லாம் 32லேந்து 126 வரைக்கும்தான், அதனால 1ல ஆரம்பிச்சா மூணு இலக்கம், வேற எதுல ஆரம்பிச்சாலும் ரெண்டு இலக்கம், கொழப்பமே கெடையாது. 1 பாத்தியா, 123 வெட்டு. அப்பால 8, அதனால 86. அப்பால 101. ஸ்கிரிப்ட்ல ஒரு வொயில் லூப், உள்ள ஒரு இஃப், முடிஞ்சது. சைபர்செஃப்லயும் ரெஜெக்ஸ், அதாவது எழுத்து எந்த அமைப்புல வரும்னு சொல்லித் தேடற சூத்திரம் வெச்சு வெட்டலாம்தான், ஆனா ரெஜெக்ஸ் எழுதத் தெரிஞ்சவன் எதுக்கு பிகினர் ரவுண்டுல ஒக்காந்திருக்கான்?

எக்ஸார்னா ரெண்டு நம்பரோட பைனரி இலக்கத்த ஒப்பிட்டு, வேறயா இருந்தா 1, ஒண்ணா இருந்தா 0 போடற கணக்கு. ஒவ்வொரு நம்பரையும் கீன்னு ஒரு ரகசிய நம்பரோட எக்ஸார் போட்டு கொழப்பி வெச்சிருந்தா மறுபடி சைபர்செஃப் கை ஓங்கும், எக்ஸார் புரூட் ஃபோர்ஸ்னு ரெடியாவே இருக்கு, ஒரு பைட் கீன்னா 0லேந்து 255 வரைக்கும் 256தான், எல்லாத்தையும் காட்டிடும். பைத்தான்லயும் ஒரு ஃபார் லூப்தான். அதுக்கும் முன்னாடி ஒரு குறுக்கு வழி இருக்கு: விடை நெளி பிராக்கெட்ல ஆரம்பிக்கும்னு தெரிஞ்சா மொத நம்பர 123 கூட எக்ஸார் பண்ணு, கீ கைல வந்துடும். மொத நம்பர் 81ன்னா கீ 42.

தமிழ்ல வெச்சா? 2997 3015 2994 3010 2992 3021. இது வேலூர், தமிழ் எழுத்துல, எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கற யூனிகோடுல தமிழ் 2944லேந்து 3071 வரைக்கும். இங்க பைத்தான் கேர் ஃபங்ஷன் அலட்டிக்காம குடுத்துடும், ஆனா பைட்ஸ்னு எழுதி டீகோட் பண்ற பழக்கம் இருந்தா 255 தாண்டினவொடனே எரர் அடிக்கும். சைபர்செஃப்ல பேஸ 10ஆ மாத்தின ஃப்ரம் கேர்கோடு போடணும், ஃப்ரம் டெசிமல் இங்க ஒதவாது.

என் ஓட்டு எதுக்குன்னா, இது இன்னா மாதிரி கோடுன்னே தெரியலன்னா மொதல்ல சைபர்செஃப், இழுத்துப் போட்டு அஞ்சு நிமிஷம் வெளையாடிப் பாரு. கோடு இன்னான்னு தெரிஞ்சிடுச்சு, ஆனா நம்பர்ல ஏதோ வால்தனம் பண்ணியிருக்கான்னா நேரா பைத்தான். அந்த ஃபைல டெலீட் பண்ணாத தம்பி, அடுத்த பசில் ஆக்டல்ல, அதாவது எட்டு எட்டா எண்ற முறைல வந்தா இன்ட்ல 8னு ஒரு எண்ண சேத்தா போதும். ஆக்டல்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, வரிசை முழுக்க 8, 9 ரெண்டும் வரவே வராது, 126 105 114 114 117 122 105னு சாதாரண நம்பர் மாதிரியே ஏமாத்தும். லேப்டாப் இல்லன்னா மொபைல்ல பைத்தான் ஓட்டற பைட்ராய்டு ஆப் போட்டுக்கோ, சென்னைக்குப் போற ட்ரெயின்ல சிக்னல் போனாலும் ஓடும்.