அம்மாவைக் கூட்டிக்கொண்டு தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு

மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்கு வந்து 11 வருடம் ஆகிறது. இந்த வருடங்களில் எத்தனையோ முறை திருவனந்தபுரத்தில் இறங்கி ஏறியிருக்கிறேன், ஆனால் ஒருமுறைகூட அம்மா கூட வந்ததில்லை. இந்தத் தடவை திரும்பும்போது அம்மாவையும் விசிட் விசாவில் கூட்டி வந்தேன். அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முட்டிலும் தேய்மானம், விமானத்தில் ஏறுவது இதுதான் முதல் முறை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் இத்தனை வருடம் கவனிக்காத பல விஷயங்கள் கண்ணில் பட்டன. நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிப் போகப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஏர்போர்ட் என்றால் அது திருவனந்தபுரம்தான். நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர், தக்கலையிலிருந்து இன்னும் குறைவு. மதுரைக்குப் போவதென்றால் 240 கிலோமீட்டர் ஓட வேண்டும், தூத்துக்குடி வாகைகுளத்தில் உள்நாட்டு விமானம் மட்டும். 1956 நவம்பர் 1-ல் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு (அன்று சென்னை மாநிலம்) சேர்ந்தபோது ஏர்போர்ட் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது, நாம் அன்றிலிருந்து களியக்காவிளை தாண்டித்தான் விமானம் ஏறுகிறோம். 1932-ல் தொடங்கிய இடம் அது. 1991-ல் சர்வதேச விமான நிலையம் ஆனது, 2021 அக்டோபரிலிருந்து அதானி குழுமம் நடத்துகிறது.

முதலில் டெர்மினல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரிலிருந்து வருகிறவர்கள் தவறுவது இதில்தான். ஒரே ரன்வேக்கு இரண்டு பக்கமும் இரண்டு டெர்மினல். கடற்கரைப் பக்கம் சங்குமுகத்தில் இருப்பது டெர்மினல் 1, அது உள்நாட்டு விமானங்களுக்கு. பைபாஸ் பக்கம் சாக்கையில் இருப்பது டெர்மினல் 2, 2011-ல் திறந்தது, வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் இங்கேதான், சில உள்நாட்டு விமானங்களும் இங்கிருந்தே போகும். உள்ளேயே நடந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது, வெளியே வந்து சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். நான் போன மாதம் இறங்கினபோது எங்களை அழைக்க வந்த டிரைவர் சங்குமுகத்தில் போய் நின்றுகொண்டு "வெளியே வாங்க அக்கா, நான் வாசலிலேதான் நிக்கேன்" என்கிறார், நான் சாக்கையில் நின்றுகொண்டு வாசலையே பார்க்கிறேன். கையில் இரண்டு பெட்டி, பக்கத்தில் தூங்கி விழுகிற பிள்ளை. அவர் சுற்றி வந்து சேர அரை மணி நேரம் ஆயிற்று. டிரைவரிடம் "ஏர்போர்ட்" என்று மட்டும் சொல்லாதீர்கள், "சாக்கை, டெர்மினல் 2" என்று சொல்லுங்கள். உள்நாட்டு விமானம் என்றால் டிக்கெட்டில் டி1-ஆ டி2-ஆ என்று பார்த்த பிறகு சொல்லுங்கள். ஊர் டாக்ஸி என்றால் கேரளாவுக்குள் வர பர்மிட் போட்டிருக்கிறார்களா என்றும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சாலையைப் பற்றி. கேரளப் பக்கம் கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை நான்கு வழி பைபாஸ் முடிந்துவிட்டது. களியக்காவிளை தாண்டி காரோட்டில் ஏறினால் முக்கோலை, திருவல்லம், ஈஞ்சக்கல், சாக்கை என்று ஒரே ஓட்டமாக வந்துவிடலாம், திருவல்லத்தில் டோல் உண்டு. நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் மாட்டிக்கொண்டு வாட்சைப் பார்த்துப் பார்த்து வந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதை நினைத்தால் இது பெரிய விடுதலை. நேரம் போவது நம் பக்கம்தான். அழகியமண்டபம், சாமியார்மடம், இரவிபுதூர்கடை என்று பழைய சாலையில் ஊர்ந்து வந்து, மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறி இறங்கி, குழித்துறை, படந்தாலுமூடு கடந்து களியக்காவிளை சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. பாறைக்கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் வரிசையாக முன்னால் போனால் முந்தவே முடியாது. நம் பக்கத்து நான்கு வழிச்சாலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஒவ்வொரு பயணத்திலும் மனது அடித்துக்கொள்கிறது. பகலில் தக்கலையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள். நாங்கள் அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினோம், சாலை காலியாக இருந்தது, மார்த்தாண்டம் தாண்டி ஒரு தட்டுக்கடையில் நிறுத்தி கட்டன் சாயா குடித்தும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

நவராத்திரி சமயம் என்றால் இன்னும் யோசித்துக் கிளம்புங்கள். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும் வேளிமலை குமாரசாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவது இந்தச் சாலையில்தான். இதை விட முக்கியமானது ஆறாட்டு, அதாவது சுவாமியை நீராட்ட ஊர்வலமாகக் கொண்டுபோவது. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி ஆறாட்டும் ஐப்பசி ஆறாட்டும் சங்குமுகம் கடற்கரைக்கு ரன்வேயைக் கடந்துதான் போகும். அந்த இரண்டு நாளும் மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் விமானமே கிடையாது, நேரத்தை மாற்றிவிடுவார்கள். டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி குறைவு, ஆள் திடமாக இருக்கிறார் என்றால் ரயில் நல்லது. ஏர்போர்ட்டிலிருந்து ஆட்டோவில் தம்பானூர், அங்கே சென்ட்ரல் ஸ்டேஷன், எதிரிலேயே பஸ் ஸ்டாண்டும் இருக்கிறது. குழித்துறை, இரணியல், நாகர்கோவில் என்று இறங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு இரணியல்தான் வசதி.

இப்போது அம்மாவின் கதை. வீல்சேர் வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லியிருந்தேன், "போட்டாச்சு மேடம்" என்று பதிலும் வந்தது. கவுண்டரில் போய் நின்றால் அப்படி ஒரு குறிப்பே இல்லை என்கிறார்கள். "வெயிட் பண்ணுங்க, பார்க்கிறோம்." பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம். அம்மா கவுண்டர் விளிம்பைக் கையால் இறுக்கிப் பிடித்தபடி, வலது காலில் பாரம் போடாமல் இடது காலிலேயே நிற்கிறாள், விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது. "உக்காருங்கம்மா" என்றால் "எனக்கு ஒண்ணுமில்லே மக்களே, வரிசை போயிரும்" என்கிறாள். நான் ஆஸ்பத்திரியில் தினமும் எத்தனை பேரை நாற்காலியில் உட்கார வைக்கிறேன், என் தாயை அங்கே நிற்க வைத்துவிட்டார்களே என்று தொண்டை அடைத்துக்கொண்டது. மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லி அழுத்திப் பேசின பிறகுதான் வண்டி வந்தது. அந்த விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இதில் நான் தெரிந்துகொண்டது. வீல்சேர் இலவசம், நாம் கேட்டு வாங்க வேண்டிய சேவை, 48 மணி நேரத்துக்கு முன்பாவது பதிவு செய்ய வேண்டும். வாய் வார்த்தையோடு விடாதீர்கள். டிக்கெட் தாளில் அதற்கான குறியீடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூசிஹெச்ஆர் என்றால் படி ஏறுவார், தூரம் நடக்க முடியாது. டபிள்யூசிஹெச்எஸ் என்றால் படியும் ஏற முடியாது. டபிள்யூசிஹெச்சி என்றால் சீட் வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். முட்டுவலிக்காரர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் சரி, ஏனென்றால் விமானத்துக்குப் படி போட்டு ஏற்றுகிற நாட்களும் உண்டு. "சமாளித்துவிடுவார்" என்று முதலாவதைப் போட்டுவிடாதீர்கள்.

வண்டி தள்ள வந்த பையன் தங்கமான பிள்ளை. "அம்மச்சி, பேடிக்கண்டா" (பயப்படாதீங்க) என்று சொல்லி செருப்பை எடுத்து மிதிபலகையில் வைத்தான். அம்மா தக்கலைத் தமிழில் பேச, அவன் மலையாளத்தில் பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் நடுவில் நான் தேவையே படவில்லை. நம் பக்கத்து வயதானவர்களுக்கு அங்கே மொழி ஒரு பிரச்சினையே கிடையாது, தைரியமாகக் கூட்டிப் போகலாம்.

அப்புறம் கொப்பரை. பெட்டியை ஸ்கேன் செய்த இடத்தில் திறக்கச் சொன்னார்கள். துணிகளுக்கு அடியில், பழைய சேலைத் துண்டில் பொதிந்து, எங்கள் தோப்புத் தேங்காயில் அம்மா மாடியில் காய வைத்த கொப்பரை இரண்டு கிலோ இருந்தது. எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள், மஸ்கட்டில் எண்ணெய் எப்படி இருக்குமோ என்ற கவலை. கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானப் போக்குவரத்தில் ஆபத்தான சரக்குப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. அந்த அதிகாரி பொறுமையாகவே சொன்னார். அண்ணன் வெளியே இன்னும் நின்றுகொண்டிருந்ததால் அவனைக் கூப்பிட்டு வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டேன். வழியனுப்ப வருகிறவர்களை உடனே போகச் சொல்லாதீர்கள், போர்டிங் பாஸ் கையில் வரும் வரை நிற்கட்டும்.

ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு எல்லாம் எங்களுக்குப் பிரச்சினை இல்லாமல் வந்து சேர்ந்தன. மார்த்தாண்டம் தேன் வாங்கினால் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். பவர் பேங்க் நேர் எதிர், அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். குருமாவுக்கு என்று கசகசாவை யாரும் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள், துபாய், தோஹா, சவுதியில் அது போதைப்பொருள் கணக்கில் வரும், வழியில் விமானம் மாறுகிறவர்களுக்கும் ஆபத்துதான். வயதானவர்களின் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு கட்டாயம். வலி மாத்திரையில் டிரமடால் இருக்கிறதா, இருமல் மருந்தில் கோடீன் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். இதை நர்ஸாகச் சொல்கிறேன், வளைகுடாவில் இந்த இரண்டும் பெரிய வம்பு.

ஊருக்கு வரும்போது நகை பற்றி எல்லாரும் கேட்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தால் பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் நகை வரியில்லாமல் உண்டு. நான் 14 மாதம் கழித்து வந்தேன், அண்ணன் மகளுக்கு மூன்று பவுன் சங்கிலி, பில்லைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருந்தேன், யாரும் நிறுத்தவில்லை. அதற்கு மேல் இருந்தால் கஸ்டம்ஸில் சிவப்புப் பாதையில் போய்ச் சொல்லி வரி கட்டிவிடுவதுதான் நிம்மதி.

இமிகிரேஷனில் வேகமாகப் போக ஒரு வழி வந்திருக்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து திருவனந்தபுரத்திலும் ஃபாஸ்ட் டிராக் இமிகிரேஷன் கேட் இருக்கிறது, இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரர்களும் ஓசிஐ கார்டுக்காரர்களும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) ஆன்லைனில் பதிவு செய்து கைரேகை கொடுத்துவிட்டால் வரிசையில் நிற்காமல் போகலாம். நான் பதிவு செய்திருக்கிறேன். ஆனால் அம்மா செய்யாததால் அவளோடு கவுண்டருக்கே போனேன். வயதானவரைத் தனியாக அதிகாரி முன் விட்டுவிட்டு நீங்கள் கேட் வழியாகப் போய் அந்தப் பக்கம் காத்து நிற்பது சரிவராது, அவரிடம் கேட்கிற கேள்விக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

டாக்ஸிக்கும் சாயாவுக்கும் பணம் கொடுக்க இப்போது யுபிஐ இல்லாமல் முடியவில்லை. ஓமன், யுஏஇ, சவுதி, கத்தார், சிங்கப்பூர் போன் நம்பர் வைத்திருப்பவர்கள், வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம் என்று 2023-லேயே அனுமதி வந்துவிட்டது, வங்கியில் கேட்டுச் செய்துவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அம்மாவுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. விமானம் எழும்பினபோது கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள், கடல் தெரிந்த பிறகுதான் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கொப்பரையை உங்க அண்ணன் மறக்காம வெயில்ல போடுவானா மக்களே" என்று கேட்டாள். மஸ்கட்டில் இறங்கியதும் முதல் போன் அதற்குத்தான். பங்குனியில் திரும்புகிறாள், ஆறாட்டு நாளைப் பார்த்து அதற்கு இரண்டு நாள் தள்ளி டிக்கெட் போட்டிருக்கிறேன், குறியீடும் தாளில் வந்துவிட்டது, அண்ணனிடம் "சாக்கை, டெர்மினல் 2" என்று மூன்று முறை சொல்லியாயிற்று.